யார் துடைக்க வேண்டிய கரி?

மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, சிலப்பதிகாரத்தைப் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். வீட்டிலுள்ள பழைய மலர்களைப் புரட்டிப் பார்த்தேன். கண்ணகியின் சிலம்பைப் பற்றி நம்மவர் எழுதாமல் விட்டது ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே இலக்கியத்தை என்னினும் கற்றோர்க்கு விட்டுவிட்டு, என் வீட்டுச் சமையலறையில் எழுந்த வினா ஒன்றை உங்கள் முன் வைக்கத் துணிகின்றேன். அது ஓர் ஓவனைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த ஓவனின் உட்புறத்தில் படிந்திருந்த கரியைப் பற்றியது. மங்கலமான மலரில் கரியா என்று முகம் சுளிப்போர் சற்றே பொறுத்தருள வேண்டும்.

‘வெதுப்பி’ என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு ஓவன் என்றே பெயர். 2019-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன் வந்த அட்ஹாக் போனஸில் வாங்கியது. எழுத்தர் நிலையிலுள்ள எங்களுக்கு அந்தத் தொகை ரூ. 6,908. சம்பளம் எவ்வளவாயினும் மாதம் ரூ. 7,000 எனக் கொண்டே கணக்கிடுவதால், நேற்றுச் சேர்ந்தவருக்கும் முழு ஆண்டு பணி முடிந்திருந்தால் அதே தொகைதான். இருபது ஆண்டு உழைத்தவருக்கும் அதே தொகைதான். இப்படியொரு சமத்துவத்தை எங்கள் அலுவலகத்தில் நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்தப் பணத்தோடு கையிலிருந்து சில நூறு ரூபாய் சேர்த்து, மேசைமேல் வைக்கும் மின்சார ஓவன் ஒன்றை வாங்கி வந்தோம். தீபாவளி நெருங்கினால் வடநாட்டுக் குடியிருப்புகளில் மாவும் நெய்யும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போய், வரிசையில் நின்று, நான்கட்டாய் சுட்டு வாங்கி வரும் வழக்கம் உண்டு. அந்த வரிசையில் நின்று சலித்ததுதான் வாங்கியதற்குக் காரணம் என்று நான் சொல்வேன். பக்கத்து வீட்டில் இருந்தது என்பதே காரணம் என்று என் மனைவி சொல்வாள்.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அப்போது எங்கள் மகளுக்குப் பத்து வயது. பள்ளியில்லை, விளையாட்டில்லை, கண்ட மாமா வீடு அத்தை வீடு ஏதுமில்லை. அந்த ஓவனே அவளுக்குத் தோழியாயிற்று. ரவை கேக், வாழைப்பழ கேக், நான்கட்டாய் என்று ஏதேனும் ஒன்று வாரந்தோறும் உள்ளே போகும். நெய் தெறிக்கும், மாவு பொங்கி வழியும், சர்க்கரை உருகிச் சொட்டும். வெளிப்புறத்தை நாங்கள் தவறாமல் துடைத்தோம். உட்புறத்தை யாரும் தொடவில்லை. ஒரு கட்டத்தில் கண்ணாடிக் கதவே தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகி, உள்ளே இருப்பது தெரியாமற் போயிற்று. உண்மையைச் சொன்னால், தெரியாமற் போனது எங்களுக்கு வசதியாகவே இருந்தது.

நான் வளர்ந்தது தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில். என் சிறுவயதில் எங்கள் வீட்டில் மண்ணடுப்புத்தான். இரவு உணவு முடிந்ததும் என் தாயார் சாம்பலை முறத்தில் வாரி எடுப்பார். அடுப்பையும் அதைச் சுற்றியுள்ள தரையையும் சாணம் கரைத்த நீரால் மெழுகுவார். ஈரம் உலருமுன் இரண்டு இழை கோலமும் இடுவார். வாரிய சாம்பல் மறுநாள் புளியோடும் தேங்காய் நாரோடும் சேர்ந்து பாத்திரம் துலக்கப் பயன்படும். அந்த அடுப்புக்குக் கதவில்லை. அதனுள் எதையும் ஒளித்து வைக்க இயலாது. அன்றைய கரி அன்றோடு போயிற்று. அக்காலத்தைப் பொற்காலம் என்று நான் போற்றவில்லை. அந்தப் புகையில் என் தாயாரின் கண் எரியாத நாளில்லை. பானையின் அடிக்கரியைத் தேய்த்த கையும் அவர் கையே. ஆண்கள் அந்தப் பக்கம் போனதாக எனக்கு நினைவில்லை.

ஓவனில் கரி ஏன் அப்படி இறுகுகிறது என்பதை நான் பின்னர்த்தான் படித்து அறிந்தேன். எண்ணெயும் நெய்யும் மெல்லிய படலமாகப் பரவிச் சூட்டிலே காற்றோடு கலக்கும்போது, அவற்றின் நுண்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வார்னிஷ் போலக் கெட்டியாகிவிடுகின்றன. புதிய இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்குகின்றோமே, அங்கே நிகழ்வதும் இதுவே. தோசைக்கல்லில் படிந்தால் பக்குவம். ஓவனில் படிந்தால் அழுக்கு. மேல்நாட்டு ஓவன்களில் சில தம்மைத் தாமே துப்புரவு செய்துகொள்ளுமாம். கதவைப் பூட்டிக்கொண்டு ஏறத்தாழ 500 பாகை செல்சியஸ் வரை சூடேறிப் படிந்ததையெல்லாம் சாம்பலாக்கிவிடும். நம் வீடுகளில் மேசைமேல் இருக்கும் ஓவன் பெரும்பாலும் 250 பாகையோடு நின்றுவிடும். அழுக்கை இறுக்க அந்தச் சூடு போதும். எரித்து நீறாக்கப் போதாது. ஆகவே ஒவ்வொரு கேக்கும் முந்தைய கேக்கின் கரியை இன்னும் சற்று இறுக்கிவிட்டு, தன் பங்கையும் அதன்மேல் வைத்துவிட்டுப் போகிறது. அன்றிரவே ஓவன் ஆறியதும் ஈரத்துணியால் துடைத்திருந்தால் அது இரண்டு நிமிட வேலை. நாங்கள் மூன்றேகால் ஆண்டு துடைக்கவில்லை.

2023-ஆம் ஆண்டு போகிக்கு முந்திய வாரம். டில்லியின் மார்கழிக் குளிரில் சன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. மகள் ஓவனைச் சூடேற்றியதும் உள்ளிருந்து புகை கிளம்பிச் சமையலறையை நிறைத்தது. கேக் முழுவதும் பழைய எண்ணெய் வாடை. “என்னங்க, ஞாயிற்றுக்கிழமை நாமே உட்கார்ந்து சுத்தம் பண்ணிடலாம்” என்றாள் என் மனைவி. ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் பொங்கல் விழா ஏற்பாடுகள் இருந்தன. “வேலைக்கு வருகிற அம்மாளிடம் இருநூறு ரூபாய் கூடக் கொடுத்தால் செய்துவிடுவார்” என்றேன் நான். இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்த அம்மாள் விழுப்புரம் பக்கத்தவர். கணவரோடு டில்லிக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பாத்திரம் துலக்கவும், தரை பெருக்கித் துடைக்கவும் நாங்கள் மாதம் ரூ. 2,000 கொடுத்து வந்தோம். என்னைவிட ஏழெட்டு வயதாவது மூத்தவர். ஆயினும் என் மனைவியை அவர் ‘அக்கா’ என்பார். என்னைச் ‘சார்’ என்பார். நாங்கள் இருவரும் அவரைப் பெயர் சொல்லியே அழைத்து வந்தோம். மூத்தோரைப் பேணுவதில் தமிழர்க்கு நிகரில்லை என்று மேடைதோறும் பேசுகின்றோம். சம்பளம் கைமாறும் இடத்தில் அந்த மரியாதை கீழிருந்து மேலாக மட்டுமே பாய்வதை நான் அதுவரை கவனித்ததில்லை.

தலைநகருக்கு நம்மைப் போல் கோப்புகளை நம்பி வந்த தமிழரும் உண்டு. கட்டட வேலையையும் வீட்டு வேலையையும் நம்பி வந்து, வடிகால் ஓரங்களில் குடிசை போட்டு வாழ்ந்த தமிழரும் உண்டு. ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரத்திலிருந்த மதராஸி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்ட செய்தியைப் படித்தபோதுதான், அங்கே ஒரு தமிழூரே இருந்தது என்பதை அறிந்தவர் என் நண்பர்களிலேயே பலர். அவர்கள் பேசும் தமிழும் நாம் மலரில் எழுதும் தமிழும் ஒரே மொழிதான். ஆயினும் எங்கள் வீட்டு அம்மாள் நம் சங்கத்து விழா எதற்கும் வந்ததில்லை. நாங்களும் அழைத்ததில்லை.

கரியைப் போக்கக் காஸ்டிக் சோடா நல்லது என்று யாரோ சொன்னார்கள். கடையில் செதில்களாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். கொடுக்கும்போதே கடைக்காரர், “கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று இந்தியில் சொன்னார். தலையாட்டினேன். பொட்டலத்தைச் சமையலறை மேடையில் வைத்து, “தண்ணீரில் கரைத்துத் தடவச் சொல்” என்று மனைவியிடம் கூறிவிட்டு அலுவலகம் புறப்பட்டேன். பொட்டலம் வீட்டில் தங்கிற்று. எச்சரிக்கை என்னோடு அலுவலகம் போய்விட்டது.

காஸ்டிக் சோடா கொழுப்பைச் சோப்பாக மாற்றும். அதன் ஆற்றலே அதுதான். ஓவனில் படிந்த கொழுப்பு எது, மனிதத் தோலின் கொழுப்பு எது என்று அது பார்ப்பதில்லை. அது அமிலத்தைப் போல் உடனே சுட்டு எச்சரிக்காமலும் இருக்கலாம். முதலில் விரலில் வழுவழுப்பாகத் தோன்றும். அந்த வழுவழுப்பே தோல் கரையத் தொடங்கியதன் அடையாளம். பட்ட கையை ஓடும் நீரில் நெடுநேரம் பிடித்திருக்க வேண்டும். அந்த அம்மாளுக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? வெறுங்கையில் துணியைப் பிடித்து, அரைமணி நேரம் தேய்த்திருக்கிறார். எரிச்சல் மிகுந்ததும் கையை ஒரு முறை அலம்பித் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே பாத்திரங்கள் காத்திருந்தன.

மறுநாள் காலையில் வலக்கைக் கட்டைவிரலிலும் அடுத்த இரு விரல்களிலும் துணி சுற்றிக்கொண்டு வந்தார். துணியை அவிழ்த்தபோது தோல் வெளுத்து உரிந்திருந்தது. “ஒண்ணும் இல்லை சார், வெத்தலைச் சுண்ணாம்பு பட்ட மாதிரிதான்” என்று அவர் என்னைத் தேற்றினார். என் மருத்துவ அட்டையில் மனைவி, மக்கள் பெயர்கள் உள்ளன. அவர் பெயர் இருக்க வழியில்லை. தனியார் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். இருபது நாள் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தோம். மற்ற மூன்று வீடுகளில் அவருக்குச் சம்பளம் பிடித்தார்களா, இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதையும் நான் தர வேண்டியிருக்கும் என்ற எண்ணம் உள்ளே இருந்திருக்கலாம். கட்டைவிரல் நகம் கழன்று, பல மாதங்கள் சென்றே மீண்டும் முளைத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். அந்த மாலை அலுவலகத்திலிருந்து திரும்பியதும் நான் முதலில் சென்று பார்த்தது ஓவனை. உட்சுவர் அலுமினியப் பூச்சு உடையது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும். கரி பாதியும் போகவில்லை. சுவர்தான் திட்டுத் திட்டாகக் கறுத்து மங்கியிருந்தது. “வேலையைக் கெடுத்துவிட்டாரே” என்று சலித்துக்கொண்டேன். அவர் கையைப் பற்றிய நினைவு எனக்கு அப்போது வரவில்லை. உடலுக்குத் தூய்மை தருவது நீர் என்றும், உள்ளத்துக்குத் தூய்மை தருவது வாய்மை என்றும் வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் கூறியதைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவன் நான். ஓவனுக்கு எது தூய்மை தரும் என்று மட்டும் கடையில் கேட்டு வந்தேன்.

இதில் என் பிழை யாது? இதுவே நான் பல நாள் என்னையே கேட்டுக்கொண்ட வினா. அலுவலக நண்பர் ஒருவரிடம் சொன்னேன். “ரப்பர் கையுறை வாங்கித் தராததுதான் பிழை, வாங்கித் தந்திருந்தால் பிரச்சினையே இல்லை” என்றார். அவர் கூறியதில் உண்மை உண்டு. ஆயினும் என் மனம் அதில் அமைதியடையவில்லை. கையுறை அணிந்து அவர் அந்தக் கரியைத் தேய்த்து முடித்திருந்தால், நான் இருநூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு, மூன்றேகால் ஆண்டை ஒரே மாலையில் மறந்திருப்பேன். காயம் நேராததால் குற்றமும் நேரவில்லை என்று ஆகிவிடுமா?

அப்படியானால் பிறரைக் கொண்டு வீட்டு வேலை செய்விப்பதே தவறா? அவ்வாறு கூறவும் எனக்கு நா எழவில்லை. நானே உழைப்பை மாதச் சம்பளத்துக்கு விற்பவன். யாரோ தீர்க்க வேண்டிய கணக்கை நான் எழுதித் தீர்க்கின்றேன். அதற்குக் கூலி பெறுகின்றேன். அதில் எனக்கு இழிவில்லை. அந்த அம்மாள் பாத்திரம் துலக்குவதிலும் இழிவில்லை. இன்று சமைத்த பாத்திரம் இன்று துலக்கப்படுகிறது. எவ்வளவு வேலை, எவ்வளவு கூலி என்பது இருவருக்கும் தெரியும். கூலி போதுமா என்பது வேறு வழக்கு. அதில் நான் வாதாடினால் தோற்றுப்போவேன்.

ஓவனின் கரி அத்தகையதன்று. அது ஒரு நாளின் வேலையால் வந்த அழுக்கன்று. மூன்றேகால் ஆண்டுச் சோம்பலால் வந்தது. ஒவ்வோர் இரவும் இரண்டு நிமிடம் செலவிட நாங்கள் மனமிரங்கவில்லை. அந்த நிமிடங்களெல்லாம் வட்டியோடு சேர்ந்து இறுகி நின்றன. கடனை வாங்கியவர் நாங்கள்; தன் விரல்தோலால் அடைத்தவர் அவர். வேலையைக் கூலிக்கு ஒப்படைக்கலாம். வேலையைச் செய்யாமல் தள்ளிப்போட்டதன் வெட்கத்தை யாரிடம் ஒப்படைப்பது? கதவைத் திறந்து அதைப் பார்க்கவே எனக்குக் கூசியது. கூசியதனால்தான் அவரைச் செய்யச் சொன்னேன். இருநூறு ரூபாய் அவர் உழைப்புக்கென்று நான் எண்ணிக்கொண்டேன். உள்ளபடி அது நான் கண்ணை மூடிக்கொள்வதற்குக் கொடுக்கவிருந்த விலை.

இங்கே காந்தியடிகள் நினைவுக்கு வருகிறார். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் அவர் குடியிருந்த வீட்டில், அறைகளிலிருந்து கழிவுநீர் வெளியேற வழியில்லை. அறைதோறும் கலயம் வைத்திருந்தனர். அவற்றை வேலையாட்களிடம் விடாமல் வீட்டாரே துப்புரவு செய்ய வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. 1898-ஆம் ஆண்டு, புதிதாக வந்த குமாஸ்தா ஒருவரின் கலயத்தை எடுக்க நேர்ந்தது. அவர் பஞ்சமர் குலத்துப் பெற்றோர்க்குப் பிறந்த கிறித்துவர். கஸ்தூரிபா கண்கலங்கிக்கொண்டே அதைச் சுமந்து படியிறங்கினார். முகமலர்ச்சியோடு செய்ய வேண்டும் என்று காந்தி சினந்தார். வாக்குவாதம் முற்றி, மனைவியின் கையைப் பற்றி வாயில் வரை இழுத்துச் சென்றுவிட்டார். அந்நிய நாட்டில் எங்கே போவேன், வெட்கமில்லையா என்று அம்மையார் கேட்ட பிறகே அவருக்கு உணர்வு வந்தது. இதையெல்லாம் அவரே தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

இந்நிகழ்ச்சியை அண்ணலின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகவே பலரும் கூறுவர். நானும் முன்பு ஒரு கூட்டத்தில் அப்படித்தான் பேசினேன். இப்போது படிக்கும்போது கண்ணில் படுவது வேறு. கொள்கை அவருடையது, உயர்ந்த கொள்கைதான், ஆயினும் அந்த நேரத்தில் படியிறங்கிய கை மனைவியின் கை. அந்தக் குமாஸ்தாவின் பிறப்பை எண்ணி அம்மையார் கூசியதும் தவறே. அந்தத் தவறை இழுத்துச் சென்றா திருத்துவது? இதை என் மனைவியிடம் சொல்லி, “இனிமேல் நம் வீட்டில் அவரவர் அழுக்கை அவரவரே துடைக்க வேண்டும், ஓவனை நாமே சுத்தம் செய்வோம்” என்று கொஞ்சம் பெருமிதத்தோடு அறிவித்தேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பாராமலே கேட்டாள்: “நாமேன்னா யாருங்க?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. நம் வீடுகளில் ஆண்மகன் ‘நாமே செய்வோம்’ என்று சொன்னால், அதன் பொருள் ‘நீயே செய்’ என்பதுதான். தமிழ் இலக்கணத்தில் முன்னிலையை உளப்படுத்தும் தன்மைப் பன்மை என்று ஒன்று உண்டு. எங்கள் சமையலறையில் வழங்குவதோ தன்மையை விலக்கிய தன்மைப் பன்மை!

பிறர் தலையில் தேக்கத்தை ஏற்றுவது எனக்கு அலுவலகத்தில் நன்கு பழகிய கலை. இப்போதுள்ள பிரிவில் நான் பொறுப்பேற்றபோது, முன்னவர் என்னிடம் ஓர் இரும்பு அலமாரியின் சாவியைக் கொடுத்து, “பழைய தாள்கள், ஒன்றும் அவசரமில்லை” என்றார். உள்ளே விடை எழுதப்படாத கடிதங்கள் கட்டுக் கட்டாக இருந்தன. ஓய்வூதியக் கணக்கைச் சரிசெய்யச் சொல்லி ஒரு முதியவர் எழுதிய கடிதம் ஒன்று. அதே முதியவரின் நினைவூட்டல்கள் நான்கு. பின்னர் அவர் மனைவியின் கடிதம் ஒன்று. வந்த அன்றே எழுதியிருந்தால் அரைப்பக்கத்தில் முடிந்திருக்கும் விடை, ஆண்டுகள் சென்றதும் மூன்று பிரிவுகளின் ஒப்புதல் கேட்கும் வழக்காகிவிட்டிருந்தது. முன்னவர்மேல் எனக்கு வந்த சினத்துக்கு அளவில்லை. 2021-ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் அக்டோபரில், தேங்கிய கோப்புகளைத் தீர்த்து அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் சிறப்பு இயக்கம் மத்திய அரசு அலுவலகங்களில் நடக்கிறது; நல்ல ஏற்பாடு. அதன் முதல் ஆண்டில் எங்கள் பிரிவின் தூசி படிந்த கட்டுகளைச் சுமந்து இறக்கியவர்கள் ஒப்பந்தக் கூலிக்கு வந்த இரு இளைஞர்கள். அவர்கள் இருமிக்கொண்டே இறக்கினார்கள். அந்தத் தூசியில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. நாங்கள் பட்டியலில் எண்ணிக்கையை எழுதிக்கொண்டு நின்றோம்.

2023 பிப்ரவரியில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நான் அந்த ஓவனோடு கழித்தேன். செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்கின்றேன்; யாருக்கேனும் பயன்படக்கூடும். முதலில் பிளக்கைப் பிடுங்கி, ஓவன் நன்றாக ஆறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பித்தட்டையும், அடியில் துகள் விழும் தட்டையும் வெளியே எடுத்து, பாத்திரச் சோப்புக் கரைத்த வெந்நீரில் ஊறவிட்டேன். ஆப்பத்துக்குப் போடும் சோடா மாவைச் சிறிதளவு நீரில் குழைத்துப் பழைய பல்துலக்கியால் உட்சுவரெங்கும் பூசினேன். சூடேறும் கம்பிகளின்மேல் படக்கூடாது. காற்றோட்டத் துளைகளிலும் போகக்கூடாது. இரவு முழுதும் அப்படியே விட்டேன். சோடா மாவு காஸ்டிக் சோடாவைப் போல் கொடியதன்று, அதனாலேயே மெதுவானது. அது கேட்பது நேரத்தையும் தோள்வலியையும்தான். மறுநாள் ஈரத்துணியால் துடைத்து, மரக்கரண்டியால் மெல்லச் சுரண்டி, மீண்டும் பூசி, மீண்டும் துடைக்க வேண்டும். சோடாவோடு வினிகரையும் சேர்த்துக் கலந்தால் நன்று எனப் பலரும் அறிவுரை சொன்னார்கள். கலந்தால் நுரை பொங்கும், பார்க்க அழகாயிருக்கும், ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, நுரை அடங்கியதும் கையில் எஞ்சுவது வெறும் உப்புக் கரைசல்தான். சோடாவைத் துடைத்த பின் எஞ்சும் வெள்ளைப் பூச்சைப் போக்க மட்டும் வினிகர் தொட்ட துணி உதவிற்று.

முதல் ஞாயிற்றில் ஐந்தில் ஒரு பங்குகூடப் போகவில்லை. இரண்டாம் ஞாயிற்றில் கண்ணாடி தெளிந்து, மறுபுறமிருந்த என் மகளின் முகம் தெரிந்தது. ஓவனுக்குக் கூரை ஒன்று உண்டு என்பதையே நான் மூன்றாம் ஞாயிற்றில்தான் உணர்ந்தேன். அதைப் பார்க்க வேண்டுமானால், ஓவனைத் தரையில் செய்தித்தாள்மேல் வைத்து, நாமும் தரையில் தலைசாய்த்து மேல்நோக்க வேண்டும். மிகக் கெட்டியான கரி அங்கேதான் இருந்தது. நாற்பது வயதைக் கடந்த ஒருவன், தலைநகரின் குளிரில் சமையலறைத் தரையில் படுத்து ஓவனுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காட்சியை என் மனைவி கைபேசியில் படமெடுத்து ஊருக்கு அனுப்பினாள். என் தாயார் அதைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று கவலையோடு கேட்டாராம்.

அப்போதுதான் அந்த அம்மாள் உள்ளே வந்தார். விடுப்பு முடிந்து வேலைக்கு வரத் தொடங்கியிருந்தார். சிறிது நேரம் நின்று பார்த்தார்.

“என்ன சார் இது, இதைத் தேய்க்க மூணு வாரமா?”

எழுந்து உட்கார்ந்தேன். என் பிழையை நானே சரிசெய்வதாகவும், இனி இத்தகைய வேலையை அவரிடம் தரப்போவதில்லை என்றும் கூறினேன். அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

“தர மாட்டீங்கன்னா எப்படி சார்? தீவாளி, பொங்கல்னு இந்த மாதிரி நாலு மேல்வேலை வந்தாத்தான் எனக்குக் கையில் நாலு காசு. நீங்க படுத்துத் தேய்ச்சா என் கை ஆறிடுமா? வேலை இருந்தாச் சொல்லுங்க. கையுறையை மட்டும் முன்னாடியே வாங்கி வச்சிடுங்க. அது என்ன மருந்து, என்ன பண்ணும்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அது போதும்.”

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நான் கட்டி எழுப்பிய அறம் இதற்கு என்ன விடை சொல்லும் என்று இன்றுவரை எனக்குத் தெளியவில்லை. என் உள்ளத்தைத் துப்புரவு செய்துகொள்ள நான் எடுத்த வேலை, அவர் கைக்கு வரவிருந்த கூலியையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. அலுவலக நண்பர் கையுறை என்று சொன்னபோது அது எனக்குச் சிறிய விடையாகப் பட்டது. அந்த அம்மாளும் கையுறை என்றுதான் சொன்னார். ஆனால் அதனோடு ‘ஒரு வார்த்தை’ என்பதையும் சேர்த்துச் சொன்னார். கடைக்காரர் எனக்குச் சொல்லி, நான் அவருக்குச் சொல்லாமல் விட்ட வார்த்தை. ஆயினும் மூன்றேகால் ஆண்டுக் கரியில் முதலில் இறங்க வேண்டிய கை என்னுடையதே என்ற எண்ணத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. அவர் சொன்னதும் சரி. நான் எண்ணியதும் சரி. இரண்டையும் ஒரே வீட்டில் எப்படிப் பொருத்துவது என்பதுதான் கடினம்.

நாங்கள் செய்தது இவ்வளவே. சம்பளத்தை ரூ. 2,500 ஆக்கினோம். மாதத்தில் நான்கு நாள் சம்பளத்தோடு விடுப்பு. ஆண்டுக்கு இருமுறை மேல்வேலை. கூலியை முதலிலேயே அவர் சொல்வார். சமையலறை ஆணியில் இரண்டு இணை ரப்பர் கையுறைகள் தொங்குகின்றன. ஒன்று அவர் அளவு, மற்றொன்று என் அளவு. காஸ்டிக் சோடா வீட்டுக்குள் வருவதில்லை. என் மனைவி அவரைப் பெயர் சொல்லி அழைப்பதை விட்டு ‘அக்கா’ என்று அழைக்கத் தொடங்கினாள். அவரும் பழைய வழக்கத்தை விடவில்லை. இப்போது இருவரும் ஒருவரை ஒருவர் ‘அக்கா’ என்கின்றனர். வீட்டுக்கு வரும் புதியவர்கள் யார் மூத்தவர் என்று குழம்பிப் போகிறார்கள்.

சென்ற மாதம் மகள் தேர்வு முடிந்த மகிழ்ச்சியில் நள்ளிரவு நெருங்கும்வரை கேக் சுட்டாள். ஓவன் ஆறும்வரை காத்திருந்து, ஈரத்துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்சுவரின் வலப்பக்கத்தில், மூன்று விரல்கள் மேலும் கீழும் சென்ற தடம்போல் ஒரு மங்கல் இருக்கிறது. காஸ்டிக் சோடா பூச்சை அரித்த இடம் அது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. “இது மட்டும் ஏம்ப்பா போகவே மாட்டேங்குது?” என்று கேட்டாள். அப்போது அவள் சிறுமி; விவரம் முழுவதும் அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், நான் முதலில் ஓவனைப் பார்த்தது உட்பட. அவள் ஒன்றும் பேசவில்லை. துணியை அலசிப் பிழிந்து, கூரையையும் ஒரு முறை துடைத்துவிட்டு விளக்கை அணைத்தாள்.